தூரம்

அம்மாவிடம் மிஞ்சிய தமிழ் நாற்பது சொல் இருக்கும்.
பாதி சாப்பாடு. மற்றதில் பெரும்பங்கு சாமி.
மீதியில் ஒன்று, தூரம்.

கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிறு.
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டே செம்போடு வரிசையில் நிற்க
நான் மட்டும் வீட்டில்.
வயிற்றில் சுடுநீர்ப் போத்தல்,
பல்லுக்கிடையில் தலையணை உறையின் நுனி.
எல்லாருக்கும் வருவதுதானே என்றாள் அம்மா.
எல்லாரும் எங்கே போய்க் கத்தினார்கள்?
எனக்குக் கேட்டதே இல்லை.

பதினொரு வருஷம்.
குடல்வால் இல்லை என்றார் ஒரு டாக்டர்,
மனசு என்றார் இன்னொருவர்.
கடைசியில் டர்பனில் டாக்டர் மக்கத்தினி
காகிதத்தில் ஒரு கருப்பை வரைந்தார்,
பேரிக்காய் மாதிரி.
உள்ளே இருக்கவேண்டிய சதை
வெளியே போய்க் குடியேறியிருக்கிறது,
சினைப்பையில், குடல்மேல்.
மாதாமாதம் அதுவும் இரத்தம் விடுகிறது,
போக வழியில்லாத இரத்தம்.
எண்டோமெட்ரியோசிஸ்.

குடியேற்றம் என்றதும் சிரிப்பு வந்தது,
கப்பலும் கரும்பும் ஞாபகத்தில்.
பிறகு வேண்டாமென்று விட்டேன்.
நாங்கள் வந்த இடத்தில்
யாருடைய குடலையும் எதோடும் ஒட்டவைக்கவில்லை.

பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்:
சாக்ரனின் சித்தி, மருந்துக்கடைப் பெண்,
கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி.
பிள்ளைதான் மருந்து என்றால்
மருந்துக்கடைக்குப் போகும் வழியை மறித்து
நோயே உட்கார்ந்திருக்கிறதே,
அதை யாரிடம் சொல்ல?
முதலாவது ஏழு வாரம் இருந்தது.
சாக்ரன் துறைமுகத்தில் டபுள் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது தங்கியது.
வலியில்லாத செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று
முப்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.
பஸ்ஸில் நின்றுகொண்டே போகலாம்.
வெள்ளைப் பாவாடை வாங்கலாம்.
வாங்கினேன்.

இருபதாம் வாரம். ஜெல் குளிர்ந்தது.
சிஸ்டர் தோக்கோசிலே திரையில் விரல் வைத்தாள்.
நஞ்சுக்கொடி கீழே இறங்கி
வாசலருகில் படுத்திருக்கிறது.
உன் நோய்க்காரிகளுக்கு இது கொஞ்சம் கூடுதல்.
வாசலிலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.
இப்போது எவ்வளவு தூரம் என்றேன்.
அவள் வாய் திறக்கையில் கரண்ட் போனது,
லோட்ஷெடிங், அட்டவணைப்படி, நிமிஷம் தவறாமல்.
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை இருட்டில்
மூச்சு விட்டவர்கள் இருவர்,
மூச்சு தேவைப்படாதது ஒன்று.

ஆறு மில்லிமீட்டர்.

வயிறு வளர வளர மேலே ஏறிவிடும், பெரும்பாலும்.
அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லோடு
பதினான்கு வாரம் குடித்தனம் நடத்தினேன்.
கோயில் படிக்கு வெளியே என்னை நிறுத்திவைத்த அதே சொல்லை
மாரியிடம் போய்க் கேட்டேன்,
ஒன்றரை சென்டிமீட்டர் தூரம் கொடு, போதும்.

கொடுக்கவில்லை.

முப்பத்துநான்காம் வாரம், விடியுமுன்,
வெள்ளைப் பாவாடை.
துளி வலி இல்லை.
பதின்மூன்று வயதிலிருந்து இரத்தம் என்றால் எனக்கு வலி.
வலியில்லாமல் வந்தபோதுதான் பயந்தேன்.

திரைத்துணிக்கு அப்பால் நேரமெடுத்தது.
ஒட்டிக்கிடந்ததை ஒவ்வொன்றாய்ப் பிரித்து
அப்புறம்தான் அவளிடம் வந்தார்கள்.
யாரோ பசை என்றது கேட்டது.
இரண்டு பை இரத்தம், யாருடையதோ,
யாருக்கோ தூரம் பார்க்காமல் எனக்குள் ஏறியது.
ஒரு கிலோ தொள்ளாயிரம். பெண். அழுதாள்.

என் கட்டிலிலிருந்து அவள் கண்ணாடிப் பெட்டிக்கு
எழுபத்தொரு அடி. தையலைப் பிடித்துக்கொண்டு
எண்ணி எண்ணி நடந்தது.

பால் கொடுத்தவரை சும்மா இருந்தது.
பதினோராம் மாதம் திரும்பி வந்தது,
பழைய சாவியால் கதவைத் திறந்துகொண்டு.
பிள்ளை பெற்றுமா போகலை? என்கிறாள் அம்மா,
போனில், இங்கிலீஷில்.
இன்றைக்கும் கூழ் ஞாயிறு.
சுடுநீர்ப் போத்தல் தனக்கென்று நினைத்து
அதன்மேல் கன்னம் வைத்துத் தூங்குகிறாள் தீஷானி.
கனக்கிறது.
நகர்த்தவில்லை.